புழுவைத் தேடியவர்களும் புழுவை நாடுவோரும்

நோயுற்றவர் மருந்து தேடுவது இறைவன்மீது வைத்த நம்பிக்கைக்கு மாறானதன்று என்பது இமாம் பெருமக்கள் நமக்குத் தெளிவாக்கிச் சென்ற செய்தி. ஆயினும் எதனை மருந்தென்று கொள்வது? அது மருந்துதான் என்பதை எவ்வாறு அறிவது? இவை பழைய வினாக்கள். அண்மையில் இவை புதியதோர் உருவில் நம்முன் வந்து நின்றன.

திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் வழியிலுள்ள அவிநாசிபாளையத்தில், ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அன்பர் ஒருவர் நம்மைச் சந்தித்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகப் பணிபுரிபவர். பெருங்குடலில் புண் உண்டாகி, இரத்தமும் சளியுமாய்ப் போகும் நோயால் ஆறாண்டுகளாக வாடுபவர். மருந்தினால் சில மாதம் நோய் அடங்கும். பின்னர் மீண்டும் தலைதூக்கும். அத்தகைய வேளைகளில் மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுப்பார்.

"ஹஜ்ரத், வெளிநாட்டில் இந்த நோய்க்காரர்கள் சிலர் குடற்புழுவைத் தாங்களே உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்களாம். புழு உள்ளே இருந்தால் புண் ஆறுகிறதாம். எல்லாம் வீட்டிலேயே செய்துகொண்டு, மலத்தையும் வீட்டிலேயே சோதித்துப் பார்த்துக்கொள்கிறார்களாம். நானும் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிவிட்டேன். மார்க்கத்தில் இதற்குத் தடை உண்டா?" என்று கேட்டார்.

கேட்டவரின் முகத்தில் விளையாட்டில்லை. ஆறாண்டு வேதனை இருந்தது. உடனே 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரத் தவணை கேட்டோம். அந்த இரண்டு வாரத்தில் நாம் படித்தவையும், விவரமறிந்த மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்தவையுமே இக்கட்டுரை.

இப்னு ஸீனா வகுத்த விதி

குடற்புழுவைப் பற்றிய அறிவு நேற்று முளைத்ததன்று. ஹிஜ்ரி 428-இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா, 'அல்கானூன் ஃபித்திப்' என்னும் தம் பெருநூலில் குடற்புழுக்களை நான்கு வகையாகப் பிரித்தார்: நீண்டவை, உருண்டவை, தட்டையானவை, சிறியவை. தட்டையான புழுவின் துணுக்குகள் மலத்தில் வெளிப்படுவதைக் கண்டு அரபு மருத்துவர்கள் அதற்கு 'ஹப்புல் கர்உ', அதாவது சுரை விதை என்று பெயரிட்டனர். நம்மூரில் நாடாப்புழு என்கிறோம். அவர் கூறும் உருண்ட புழு இன்றைய கொக்கிப்புழுவே என்று மிஸ்ர் நாட்டு அறிஞர் முஹம்மது கலீல் 1922-இல் ஆங்கில மருத்துவ ஏடொன்றில் வாதிட்டார். அதனை எல்லோரும் ஒப்பவில்லை. ஆயினும் நுண்ணோக்கி இல்லாத காலத்தில், வெளியேறிய பொருளைக் கூர்ந்து நோக்கி இனம் பிரித்த அந்தப் பொறுமை வியக்கத்தக்கது.

நம் வினாவுக்கு இதைவிட இன்றியமையாதது அந்நூலின் இரண்டாம் பாகத்தில் உள்ளது. ஒரு பொருளை மருந்தென்று ஏற்குமுன் அதனைச் சோதிக்கும் முறைக்கு இப்னு ஸீனா ஏழு நிபந்தனைகளை வகுத்தார். அச்சோதனையை அரபியில் 'தஜ்ரிபா' என்பர். அவற்றுள் மூன்றனை இங்கு நினைவிற் கொள்வோம். சோதிக்கப்படுபவருக்குப் பல நோய் கலந்திராமல் ஒரே நோய் இருத்தல் வேண்டும். மருந்து உட்கொண்ட நேரத்தையும் பலன் தெரிந்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பலன் எப்போதுமோ, பெரும்பாலான நேரங்களிலோ திரும்பத் திரும்பத் தோன்றுதல் வேண்டும்; ஒருமுறை தோன்றியது தற்செயலாகவும் இருக்கலாம்.

இம்மூன்று விதிகளையும் கையில் விளக்காகக் கொண்டு பின்வரும் வரலாற்றுக்குள் செல்வோம்.

தம் வயிற்றையே ஏடாக்கிய இளைஞர்

ஜியோவன்னி பத்திஸ்தா கிராஸி என்பவர் இத்தாலி நாட்டவர். பிற்காலத்தில் மலேரியா ஆராய்ச்சியால் பெரும்புகழ் பெற்றவர். மருத்துவ மாணவராயிருந்தபோது, 1878-ஆம் ஆண்டு, ஒரு பிணத்தை அறுத்துச் சோதிக்கையில் அதன் குடலில் உருண்டைப்புழுவின் முட்டைகளைக் கண்டார். மனிதர் இம்முட்டையை விழுங்குவதனால்தான் புழு உண்டாகிறதா என்பது அன்று தீர்க்கப்படாத வினா. அதைத் தம் உடலிலேயே தீர்ப்பதென்று அவர் துணிந்தார்.

அவருடைய எச்சரிக்கையை இங்குக் குறிப்பிட வேண்டும். முட்டைகளை உடனே விழுங்கிவிடவில்லை. தம் வயிற்றில் முன்னரே புழு இருந்துவிட்டால் சோதனை பாழாகுமல்லவா? ஆகவே பல மாதங்கள் தம் மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, முட்டை ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். 1879-ஆம் ஆண்டு ஜூலையில் முட்டைகளை விழுங்கினார். ஏறத்தாழ ஒரு மாதம் சென்றபின் தம் மலத்தில் புழுவின் முட்டைகளைக் கண்டார். பின்னர் மருந்துண்டு புழுவை வெளியேற்றினார். ஆய்வு வென்றது என்றே கொண்டாடப்பட்டது.

ஆனால் விழுங்கிய முட்டையிலிருந்து புழு வளர்ந்து, பெரிதாகி, தானும் முட்டையிடுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் செல்லும் என்று பின்வந்தோர் கண்டனர். அப்படியானால் ஒரு மாதத்தில் அவர் கண்ட முட்டை எங்கிருந்து வந்தது? அதற்கு முன்பே அவர் அறியாமல் உண்டுவிட்ட வேறு முட்டையிலிருந்து வந்திருக்க வேண்டும். அவர் கொண்ட முடிவு உண்மையே; அம்முடிவுக்குக் காட்டிய சான்றுதான் உறுதியற்றது. இப்னு ஸீனா வற்புறுத்திய அந்தக் 'காலக் கணக்கு' இங்குத் தவறிவிட்டது. மாதக்கணக்காகத் தம்மைத் தாமே கண்காணித்த ஒரு மேதைக்கே இந்நிலை என்றால், வீட்டு மேசையில் நுண்ணோக்கி வைத்துப் பார்ப்பவர் நிலை என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

1922-இல் ஜப்பானிய மருத்துவர் கொய்னோ இதே புழுவின் முட்டைகள் இரண்டாயிரத்தை ஒருங்கே விழுங்கினார். சில நாட்களில் நுரையீரல் அழற்சி கண்டு துன்புற்றார். அவர் துப்பிய சளியிலேயே இளம்புழுக்கள் நெளிந்தன. இப்புழு குடலுக்குச் செல்லுமுன் நுரையீரலைச் சுற்றிவருகிறது என்பது அதனால் மனிதரிடத்திலும் மெய்யாயிற்று. அறிவு வளர்ந்தது, அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று.

கெய்ரோவில் சிந்திய துளி

நம் அன்பர் ஏற்றிக்கொள்ள விரும்பியது கொக்கிப்புழு. அதன் வரலாறு கெய்ரோ நகரத்தோடு பிணைந்தது.

மிஸ்ரை ஆண்ட முஹம்மது அலீ பாஷா, பிரெஞ்சு மருத்துவர் குளோ பேயைக் கொண்டு 1827-இல் அபூ ஸஃபலில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1837-இல் அது கெய்ரோவின் கஸ்ருல் ஐனிக்கு மாற்றப்பட்டது. அதன் முதல் மாணவர்கள் ஜாமிஉல் அஸ்ஹரில் ஓதியவர்களிடையே இருந்து தேர்ந்தெடுக்கப்பட்டனர். பிரெஞ்சு மருத்துவ நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டபோது மொழியைத் திருத்திச் செப்பனிட்டவர்களும் ஷைகுமார்களே. அவர்களுள் தலையாயவர் முஹம்மது இப்னு உமர் அத்தூனிஸீ. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கும் மருத்துவ அறிவுக்கும் தொடர்பில்லை என்று கருதுவோர் இச்செய்தியை நினைவிற் கொள்க.

கொக்கிப்புழுவை முதன்முதல் கண்டவர் மிலான் நகரத்து மருத்துவர் தூபினி, ஆண்டு 1838. ஆனால் அது நோய் செய்வது என்பதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர், கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானியர் கிரீஸிங்கர். நைல் நதிக்கரை உழவர்கள் வெளிறி, மூச்சிரைத்து, உழைக்க இயலாது மாள்வதற்குக் குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் இப்புழுவே காரணம் என்று 1850-களில் அவர் அறிவித்தார்.

புழு உடலுக்குள் எவ்வாறு நுழைகிறது என்பது மட்டும் அரை நூற்றாண்டுக் காலம் விளங்கவில்லை. வாய் வழியாக என்றே எல்லோரும் கருதினர். கெய்ரோ மருத்துவப் பள்ளியில் பேராசிரியராயிருந்த ஆர்தர் லூஸும் அவ்வாறே எண்ணினார். கினிப்பன்றிகளின் வாயில் இளம்புழு கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு துளி தவறி அவர் கைமீது விழுந்தது. சிறிது நேரத்தில் அந்த இடம் சிவந்து அரித்தது. வேறொருவராயிருந்தால் கழுவித் துடைத்துவிட்டு மறந்திருப்பார். லூஸ் மறக்கவில்லை. தம் மலத்தை அவ்வப்போது சோதித்துவந்தார். வாரங்கள் பல சென்றபின் அதில் கொக்கிப்புழுவின் முட்டைகள் தென்பட்டன. 1898-இல் இதனை வெளியிட்டார்.

பலர் நம்பவில்லை. லூஸும் ஓர் உடலின் சான்றோடு நின்றுவிடவில்லை. ஒரு மணி நேரத்தில் வெட்டி அகற்றப்படவிருந்த ஒரு சிறுவனின் காலில் இளம்புழுக்களை இட்டு, பின்னர் அத்தோலை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். புழுக்கள் தோலைத் துளைத்து உள்ளே சென்றிருந்தன. இன்றைய அறநெறி இத்தகைய சோதனையை எளிதில் ஏற்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னர் நாய்களைக் கொண்டு, தோலிலிருந்து இரத்தம், இரத்தத்திலிருந்து நுரையீரல், அங்கிருந்து தொண்டை, தொண்டையிலிருந்து குடல் என்று புழு செல்லும் முழு வழியையும் வரைந்து காட்டினார்.

இங்கு ஒரு வேறுபாட்டை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். 'புழு தோல் வழியே நுழையுமா?' என்பது லூஸின் வினா. ஓர் உடலில் நுழைந்தாலும் 'நுழையும்' என்றே விடை. 'புழு நோயைக் குணமாக்குமா?' என்பது நம் அன்பரின் வினா. ஓர் உடல் குணமானதைக் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. அந்நோய் தானாகவும் தணிந்திருக்கலாமன்றோ?

நம் மக்கள் சுமந்த புழு

லூஸ் கண்ட உண்மை நம் நாட்டில் எதிரொலித்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் கூலிகளின் கால் விரலிடுக்குகளில் மழைக்காலத்தில் வரும் சேற்றுப்புண்ணை அவர்கள் 'பானி காவ்' என்றனர். மண்ணில் உள்ள கொக்கிப்புழுவின் இளம்புழு தோலைத் துளைப்பதே அப்புண்ணுக்குக் காரணம் என்று 1902-இல் டாக்டர் பென்ட்லி எடுத்துக்காட்டினார்.

அடுத்து இலங்கை. தமிழகத்திலிருந்து தேயிலைக்கும் ரப்பருக்கும் சென்ற நம் மக்கள், முஸ்லிம்களும் அல்லாதாரும், வெறுங்காலுடன் ஈர மண்ணில் உழைத்தனர். லயங்களில் கழிப்பிடம் கிடையாது. 1916-இல் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் நிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் புழு இருக்கக் கண்டனர். மருந்து கொடுத்தனர், புழு விழுந்தது. கழிப்பிடம் கட்டாமையால் அதே மண்ணிலிருந்து மீண்டும் ஏறியது. கழிப்பிடத்துக்குச் செலவிடத் தோட்டத் துரைமார் பலர் விரும்பவில்லை. கப்பலேறுமுன் மண்டபம் முகாமிலேயே நம்மவருக்குப் புழுமருந்து புகட்டும் ஏற்பாடும் வந்தது. சென்னை மாகாணத்திலும் 1920-களில் அந்நிறுவனம் அரசுடன் சேர்ந்து இதே பணியைச் செய்தது. டாக்டர் கெண்ட்ரிக் அதன் பொறுப்பில் இருந்தார்.

அன்று கொடுத்த மருந்துகளுள் ஒன்று தைமால். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலுள்ள ஓமத்திலிருந்து வடித்தெடுக்கும் ஓம உப்பே அது. 1880-ஐ ஒட்டி இத்தாலிய மருத்துவர் பொட்ஸோலோ அதனைக் கொக்கிப்புழுவுக்குப் பயன்படுத்தினார். ஆல்ப்ஸ் மலையில் கொத்தார்டு சுரங்கம் தோண்டிய தொழிலாளர் இப்புழுவால் கூட்டங்கூட்டமாக வெளிறி வீழ்ந்த காலம் அது. ஓமம் இந்நாட்டிலிருந்து ஏற்றுமதியாகி, வடிக்கப்பட்டு, மருந்தாகத் திரும்பி வந்தது. சித்த மருத்துவர்களும் யூனானி ஹகீம்களும் வாய்விடங்கத்தைப் புழுவுக்குக் கொடுத்துவந்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

இந்தப் புழு நம்மவருக்குச் செய்ததென்ன? 'நெக்கட்டர்' என்னும் வகையில் ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தம் எடுக்கும். 'ஆன்கிலோஸ்டோமா' என்னும் வகை அதைப்போல் ஐந்து மடங்கு, சிலவேளை அதற்கும் மேல் எடுக்கும். ஒன்றிரண்டால் தீங்கு தெரியாது. நூற்றுக்கணக்கில் சுமந்த தாய், சோகை பிடித்துப் பேறுகாலத்தில் மாண்டாள். சுமந்த குழந்தை, வகுப்பில் தூங்கியது. ஆசிரியர் அதனைச் சோம்பேறி என்றார்.

இத்துயரைத் துடைக்கவே 2015 முதல் பிப்ரவரி 10-ஆம் நாள் தேசியக் குடற்புழு நீக்க நாளாகக் கொள்ளப்பட்டு, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப்படுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர், குழந்தைகளுக்கு மட்டுமன்றி ஊரார் அனைவருக்கும் மாத்திரை கொடுத்தால் புழுவின் சுழற்சியே அறுமா என்று ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் ஆராய்ந்திருக்கின்றனர்.

விரட்டியதை அழைப்பவர்கள்

இவ்வளவு பாடுபட்டு விரட்டிய புழுவை மீண்டும் அழைக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது?

புழு அறவே அற்றுப்போன செல்வ நாடுகளில் ஒவ்வாமை நோய்களும், உடலின் எதிர்ப்பாற்றல் தன்னுடலையே தாக்கும் நோய்களும் பெருகின. புழு நெடுங்காலம் உள்ளே தங்குவதற்காக நம் எதிர்ப்பாற்றலைச் சற்றே அடக்கி வைக்கிறது. அந்த அடக்கம் இந்நோய்களையும் அடக்குமோ என்று அறிஞர் கேட்டனர். 1976-இல் டர்ட்டன் என்னும் ஆங்கில ஆய்வாளர், ஆய்வுக்காகத் தம் உடலில் கொக்கிப்புழுவை ஏற்றிக்கொண்டபின் இரண்டு கோடைகளில் தமக்கு வழக்கமான தும்மல் நோய் வரவில்லை என்று 'லான்செட்' இதழுக்கு எழுதினார். அமெரிக்காவில் ஜோயல் வைன்ஸ்டாக் குழுவினர், பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளைக் குடல்நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2005-இல் வெளியான முடிவுகள் நம்பிக்கை ஊட்டின. நம் அன்பரைப் போன்றே பெருங்குடல் புண்ணால் வாடிய அமெரிக்கர் ஒருவர், 2004-இல் தாய்லாந்து சென்று மனிதச் சாட்டைப்புழுவின் முட்டைகளைப் பெற்று, முதலில் 500, பின்னர் 1000 விழுங்கினார். அவர் நோய் தணிந்தது. அவர் தம்மை ஆராயுமாறு விஞ்ஞானிகளிடமே சென்றார். அவர்கள் அவர் குடலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2010-இல் கட்டுரை வெளியிட்டனர்.

சென்னையிலும் இதே ஆண்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. யானைக்கால் நோயின் புழுத்தொற்று, நீரிழிவு உள்ளவர்களிடம் குறைவாகவும் இல்லாதவர்களிடம் மிகுதியாகவும் காணப்பட்டது. இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றைத் தடுத்தது என்று முடிவு கட்டிவிட இயலாது என்பதையும் அறிந்தோர் கூறுவர்.

இவையெல்லாம் நம்பிக்கையின் பக்கம். இனி மறுபக்கம். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிரிட்சர்டு தம் கையிலேயே கொக்கிப்புழுவை இட்டுச் சோதித்தபின், நோயாளரிடம் முறையான சோதனைகள் நடந்தன. ஆஸ்துமாக்காரர்களுக்குப் பத்துப் புழு கொடுத்துப் பார்த்ததில், 2010-இல் வெளியான முடிவின்படி, குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. நரம்பின் உறை சிதையும் நோயுள்ள 71 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. மூளைப்படத்தில் புதிய பாதிப்புகளின் எண்ணிக்கை, புழு பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் பெரிதும் வேறுபடவில்லை. பன்றிச் சாட்டைப்புழுவைக் கொண்டு பலநூறு குடல்நோயாளரிடம் நடந்த பெருஞ்சோதனை, வெறும் நீர்மத்தைக் குடித்தவர்களைவிட மேலான பலனைத் தரவில்லை என்று 2013-இல் அறிவிக்கப்பட்டது. கதவு முற்றும் மூடவில்லை, ஆய்வு தொடர்கிறது. ஆயினும் ஒருவரிடமும் சிலரிடமும் தோன்றிய பலன், பலரிடம் சோதித்தபோது நிலைக்கவில்லை. இப்னு ஸீனாவின் மூன்றாம் விதி இதுவன்றோ?

வீட்டு நுண்ணோக்கி எவ்வளவு காட்டும்?

அன்பரின் திட்டத்தை இப்போது எடை போடுவோம். 'நானே பார்த்துக்கொள்வேன்' என்றார். எதைப் பார்ப்பார்?

இளம்புழு தோலில் நுழைந்து ஐந்து முதல் ஒன்பது வாரங்களில் மலத்தில் முட்டை தோன்றும். ஆய்வுக்கூடத்தில் கேட்டோ–காட்ஸ் முறைப்படி 41.7 மில்லிகிராம் மலத்தை எடுத்து, அதிலுள்ள முட்டைகளை எண்ணி, 24-ஆல் பெருக்கி, ஒரு கிராமுக்கு இத்தனை என்று கணக்கிடுவர். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. அம்முறையில் ஒரு மணி நேரம் தாமதித்தாலே அது கரைந்தாற்போல் மறைந்துவிடும். நாளுக்கு நாள் எண்ணிக்கையும் மாறும். ஆண் புழு மட்டும் நிலைத்திருந்தால் முட்டையே இராது. முட்டை தெரியவில்லை என்பதால் புழு இல்லை என்று சொல்வதற்கில்லை.

இவற்றைவிடப் பெரிய இடர்கள் மூன்று. முதலாவது, நெக்கட்டரின் முட்டையையும் ஆன்கிலோஸ்டோமாவின் முட்டையையும் நுண்ணோக்கியில் பிரித்தறிய இயலாது. குறைவாக இரத்தம் குடிப்பதென்று எண்ணிப் பல மடங்கு குடிப்பதை வளர்க்கக்கூடும்.

இரண்டாவது, கொக்கிப்புழு முதலில் குடலில் பற்றும் நாட்களில் வயிற்றுவலியும் பேதியும் உண்டாகும். அன்பரின் நோய் கிளம்பும்போதும் அவையே உண்டாகும். இரத்தம் குறைந்தால் அது புண்ணாலா, புழுவாலா? இரண்டும் ஓர் உடலில் கலந்துவிட்டபின், அவ்வுடலுக்குரியவரே அதனைப் பிரித்தறிய இயலாது. ஒரே நோய் இருக்க வேண்டும் என்ற விதியும் இங்குக் குலைகிறது.

மூன்றாவது அஞ்சத்தக்கது. இந்நாட்டு மண்ணில் ஸ்டிராங்கிலாய்டிஸ் என்னும் வேறொரு நுண்புழு உண்டு. அதுவும் தோல் வழியே நுழைவது. அதன் இளம்புழுவும் கொக்கிப்புழுவின் இளம்புழுவும் பழகாத கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். கொக்கிப்புழு உடலுக்குள் பெருகாது. பத்து நுழைந்தால் பத்துக்கு மேல் ஆகாது. ஸ்டிராங்கிலாய்டிஸோ உடலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். ஸ்டீராய்டு உட்கொள்பவர் உடலில் அது கட்டுக்கடங்காமல் பரவி உயிரையே பறிக்கக்கூடும். நம் அன்பர் ஸ்டீராய்டு உட்கொள்பவர் என்பதை முன்னரே சொன்னோம்.

தாம் மட்டுமா?

'என் உடம்பு, நான் சோதிக்கிறேன்' என்று ஒருவர் கூறலாம். குளிர்நாட்டில் ஒருவர் வெளியேற்றும் முட்டை, சாக்கடைக் குழாயில் சென்று குளிரில் அழிந்துவிடும். இங்கு அப்படியன்று. வெப்பமும் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். அவிநாசிபாளையத்தைச் சுற்றிலும் பெரும்பாலும் காய்ந்த மேட்டுநிலமே. ஆயினும் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் நீர் பாயும் தோப்புகளில் நிழலும் ஈரமும் உண்டு. வரிசையாக அமைந்த லைன் வீடுகளில் பல குடும்பங்கள் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துகின்றன. தண்ணீர் வராத நாளில் காட்டுப்பக்கம் ஒதுங்குவோரும் இருக்கின்றனர். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெறுங்காலுடன் அங்கு விளையாடும் குழந்தை இச்சோதனைக்கு ஒப்புதல் தரவில்லை.

வழியிலும், நிழலிலும், நீர்த்துறையிலும் மலம் கழிப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்திருக்கின்றார்கள் என்பதை மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவர். அந்நபிமொழியை மருத்துவப் பாடமாக்கிப் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. பிறருக்குத் தீங்கு செய்யாதே என்பதே அதன் உயிர். ஆயினும் அம்மூன்று இடங்களையும் காத்த ஊரில் இப்புழுவுக்கு வழி குறுகியிருக்கும் என்று சொல்வதில் பிழையில்லை.

நாம் சொன்ன விடை

இரண்டு வாரம் சென்று அன்பர் வந்தார். ஃபத்வா வழங்குவது முஃப்திகளின் பொறுப்பு என்பதை முதலில் கூறினோம். நாம் அறிந்தவரை, உடல் நமக்குச் சொந்தமன்று, அமானிதம். தனக்கும் பிறர்க்கும் தீங்கிழைத்தலாகாது என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதி. நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்ற விதியும் உண்டுதான். ஆனால் அதில் குணம் உண்டென்று அறிந்தோர் உறுதி சொல்லவேண்டும், வேறு மருந்து கிடைக்காமலும் இருக்கவேண்டும் என்று ஃபுகஹாக்கள் நிபந்தனை விதித்துள்ளனர். பன்றியின் சாட்டைப்புழு பற்றி அவர் தனியே கேட்டார். பெருஞ்சோதனையில் பலனே நிலைபெறாத ஒன்றுக்கு நிர்ப்பந்தத்தைக் காரணம் காட்ட இடமில்லை என்றோம்.

அவர் வாடிய முகத்துடன் கேட்டார்: "அப்படியென்றால் நான் என்னைக் கவனித்துக்கொள்வதே தவறா, ஹஜ்ரத்?"

அந்தக் கேள்வி நம்மைச் சுட்டது. தவறன்று. கிராஸியிடமும் லூஸிடமும் நாம் கற்க வேண்டியதே அந்தக் கவனம்தான். அதைப் புழுவுக்குச் செலவிடாமல் நோய்க்குச் செலவிடுங்கள் என்றோம். ஒரு நோட்டு வாங்கி, அன்றன்று எத்தனை முறை வெளிக்குப் போனது, இரத்தம் கண்டதா, என்ன உண்டார், எந்த மாத்திரையை விட்டார், எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று தேதியிட்டு எழுதிவரச் சொன்னோம். நோய் தணிந்ததும் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிடும் பழக்கம் தமக்கு உண்டென்பதை அவர் அப்போதுதான் தயக்கத்துடன் ஒப்புக்கொண்டார்.

மூன்று மாத நோட்டுடன் அவர் கோவையிலுள்ள குடல்நோய் மருத்துவர் ஒருவரைச் சென்று கண்டார். புழு ஏற்றிக்கொள்ள எண்ணியதையும் மறைக்காமல் கூறியிருக்கிறார். மருத்துவர் சினக்கவில்லை. நோட்டை ஏடு ஏடாகப் புரட்டிப் பார்த்து, மாத்திரை நின்ற நாட்களையும் நோய் கிளம்பிய நாட்களையும் விரலால் தொட்டுக் காட்டினாராம். மருந்தும் மாற்றப்பட்டது. நோய் முற்றும் நீங்கிவிட்டது என்று நாம் எழுதமாட்டோம். அது மீளக்கூடிய நோய். அவர் இப்போது தொடர்ந்து வேலைக்குச் செல்கிறார். சென்ற ரமளானில் மருத்துவர் அனுமதித்த நாட்களில் நோன்பும் வைத்தார்.

தம்மைத் தாமே கண்காணிப்பது நல்லதே. கண்டதை அறிந்தவரிடம் கொண்டுசென்று காட்டுவது அதன் மறுபாதி. அந்த மறுபாதியை விட்டுவிட்டவர் எத்துணைக் கூர்ந்து நோக்கினாலும், தாம் காண விரும்பியதையே காண்பார்.

நோயைத் தந்தவனும் நிவாரணத்தை அருள்பவனும் அல்லாஹ்வே. அவனே யாவற்றையும் நன்கறிந்தவன்.